ஏழாண்டு என்றால் ஏழாண்டே! – நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட்



சினிமா நடிகை என்றதும் பட்டாடையும் பளபளப்பும் நம் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு நடிகையின் பெயர் ஒரு தொழிலாளர் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் வழக்கறிஞர்கள் ‘டி ஹாவிலண்ட் சட்டம்’ என்று ஒரு விதியைக் குறிப்பிடுவார்கள். ஹாலிவுட் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் தம் முதலாளிமீது வழக்குத் தொடுத்து வென்றதால் அந்தப் பெயர் வந்தது. அவருடைய கலை வாழ்க்கையையும், அந்த வழக்கின் கதையையும் இன்று பார்ப்போம்.

ஒலிவியா 1916ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஜப்பானின் டோக்கியோ நகரில் பிறந்தார். பெற்றோர் ஆங்கிலேயர். தந்தை அங்கே சட்டத் தொழில் செய்துவந்தார். தாயார் நாடகப் பயிற்சி பெற்றவர். ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றில் வரும் பெண்ணின் பெயரையே மகளுக்குச் சூட்டினார் என்றால், அவருடைய நாடகப் பற்றைப் புரிந்துகொள்ளலாம். அடுத்த ஆண்டு பிறந்த தங்கைதான் பின்னாளில் ஜோன் ஃபான்டேன் என்ற பெயரில் புகழ்பெற்ற நடிகை. 1919ஆம் ஆண்டு தாயார் இரண்டு பெண் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கலிஃபோர்னியாவுக்கு வந்து, சாரடோகா என்னும் சிற்றூரில் குடியேறினார். பின்னர் பெற்றோரிடையே மணமுறிவு ஏற்பட்டது. தாயார் மறுமணம் செய்துகொண்டார். வாய்த்த மாற்றாந்தந்தையோ மிகக் கண்டிப்பானவர். பள்ளி நாடகத்தில் நடிப்பதா, இந்த வீட்டில் இருப்பதா என்று அவர் கேட்டபோது, ஒலிவியா நாடகத்தைத் தேர்ந்துகொண்டு வீட்டை விட்டு வெளியேறினார். பள்ளி மாணவியாக இருந்தபோதே நடந்த செய்தி இது.

அவர் விரும்பிய தொழில் நடிப்பு அன்று. ஆங்கில ஆசிரியை ஆக வேண்டும் என்பதே அவர் எண்ணம். ஓக்லண்ட் நகரிலிருந்த மில்ஸ் கல்லூரியில் படிக்க உபகாரச் சம்பளமும் கிடைத்திருந்தது. அந்த வேளையில், 1934ஆம் ஆண்டு, நாஜிகளின் ஆட்சிக்கு அஞ்சி ஜெர்மனியிலிருந்து வெளியேறியிருந்த மாக்ஸ் ரைன்ஹார்ட் என்னும் புகழ்மிக்க நாடக இயக்குநர், ஹாலிவுட்டின் திறந்தவெளி அரங்கில் ஷேக்ஸ்பியரின் ‘மிட்ஸம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தை மேடையேற்ற ஏற்பாடு செய்தார். முக்கிய வேடக்காரர் வர முடியாமற்போனால் அந்த இடத்தில் நடிப்பதற்கென்று சிலரைத் தயாராக வைத்திருப்பது நாடக வழக்கம். ஹெர்மியா என்னும் வேடத்துக்கு அப்படித் தயாராக வைக்கப்பட்ட இரண்டாம் ஆள்தான் ஒலிவியா. முதலில் இருந்த இருவரும் வேறு வேலைக்குப் போய்விடவே, அரங்கேற்றத்துக்குச் சில நாள் முன்பு வேடம் அவர் கைக்கு வந்தது. வசனம் முழுவதையும் அவர் பாடம் பண்ணி வைத்திருந்தார். வாய்ப்பு வந்த பிறகு படிக்கத் தொடங்கியிருந்தால் அது கைநழுவிப் போயிருக்கும் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

அந்த நாடகத்தை வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் திரைப்படமாக எடுக்க முற்பட்டபோது ஒலிவியாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. 1935இல் வெளிவந்த ‘கேப்டன் பிளட்’ என்ற படத்தில் எரால் ஃபிளின் என்ற புதிய நடிகரோடு நடித்தார். அந்த ஜோடியை மக்கள் விரும்பினார்கள். இருவரும் மொத்தம் எட்டுப் படங்களில் சேர்ந்து நடித்தனர். 1938இல் வந்த ‘ராபின் ஹூட்’ வண்ணப்படம் அவற்றுள் மிகவும் பேர்பெற்றது. இதற்கிடையே 1936ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில், அவர் வார்னர் நிறுவனத்தோடு புதிய ஏழாண்டு ஒப்பந்தம் ஒன்று செய்துகொண்டார். நம் கதைக்கு இந்தத் தாள்தான் முக்கியம்.

அக்காலத்து ஹாலிவுட் எப்படி இயங்கியது என்பதைச் சற்று விளக்க வேண்டும். இன்று நடிகர்கள் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக ஒப்பந்தம் பேசுகிறார்கள். அன்று அப்படி இல்லை. நடிகர், எழுத்தாளர், தையற்காரர், விளக்குக்காரர் எல்லாரும் ஒரே நிறுவனத்தில் வாரச் சம்பளக்காரர்கள். எந்தப் படம், எந்த வேடம் என்பதை நிறுவனமே முடிவுசெய்யும். வேறு நிறுவனத்துக்கு இரவல் கொடுக்க விரும்பினால் கொடுக்கும். இரவல் கேட்டவர் தரும் பெருந்தொகையை எடுத்துக்கொண்டு நடிகருக்கு வழக்கமான சம்பளத்தையே கொடுக்கும். ஒப்பந்தத்தில் ஏழாண்டு என்று எழுதியிருந்தாலும், ஒவ்வொரு கட்டத்திலும் நடிகரை வேண்டாம் என்று அனுப்பிவிடும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. வேண்டாம் என்று விலகும் உரிமை நடிகருக்கு இல்லை. கதவு ஒரு பக்கம் மட்டுமே திறந்தது.

கொடுத்த வேடத்தை மறுத்தால் என்ன ஆகும்? நடிகரை வேலையிலிருந்து நிறுத்தி வைப்பார்கள். அந்த வேடத்தை இன்னொருவர் நடித்து முடிக்கும்வரை சம்பளம் கிடையாது. வெளியிலும் வேலை செய்யக் கூடாது. சம்பளம் இல்லாமற்போன அந்த நாள்களை ஒப்பந்தத்தின் கடைசியில் கூட்டிச் சேர்த்துவிடுவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு படத்துக்கு மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு படங்களை மறுத்தவருக்கு ஓராண்டுச் சம்பளம் போயிற்று. ஏழாண்டு ஒப்பந்தம் எட்டாண்டு ஆயிற்று. எட்டாம் ஆண்டிலும் பிடிக்காத வேடம் வந்து அதையும் மறுத்தால் ஒன்பதாம் ஆண்டுக்குப் போகும். இப்படியே போனால் முடிவு எங்கே?

செக்ரோலில் பெயர் விழாத நாளுக்குக் கூலி இல்லை என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அந்த நாளையும் பின்னால் வந்து உழைத்துக் கழிக்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? ஒப்பந்தக் கூலி என்ற சொல் நம் வீடுகளில் பழைய சொல். இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரும் முறை 1910இல் நிறுத்தப்பட்டது. தாளில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாமலே கைநாட்டு வைத்துக் கப்பலேறியவர்கள் அவர்களில் பலர். வாரம் நூற்றுக்கணக்கான டாலர் வாங்கிய நடிகையின் துன்பமும் அவர்கள் பட்ட துன்பமும் ஒன்றல்ல. ஆயினும், ஒரு மனிதரின் நாள்களைப் பிறர் எண்ணிக்கொண்டே போகலாமா என்ற கேள்வி இரண்டுக்கும் பொதுவானது.

வார்னர் நிறுவனம் ஒலிவியாவுக்குக் கொடுத்தவை பெரும்பாலும் ஒரே மாதிரி வேடங்கள். கதாநாயகன் வாளேந்திச் சண்டையிடுவான். நாயகி அழகாக நின்று காத்திருப்பாள். திறமைக்கு வேலை கொடுக்கும் வேடத்தை அவர் தேடினார். அது வேறு நிறுவனத்திலிருந்து வந்தது. டேவிட் செல்ஸ்னிக் என்ற தயாரிப்பாளர் ‘கான் வித் தி விண்ட்’ கதையைப் படமாக்கியபோது, மெலனி என்னும் மென்மையும் மன உறுதியும் கொண்ட பெண்ணின் வேடம் அவருக்குக் கிடைத்தது. முதலாளி ஜாக் வார்னர் இரவல் கொடுக்க மறுத்தார். ஒலிவியா முதலாளியின் மனைவியைச் சந்தித்துப் பேசி, அவர்மூலம் சம்மதம் பெற்றார்.

1939இல் வெளியான அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தித் தோட்ட வாழ்க்கையைக் காட்டும் படம் அது. அங்கே அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களின் துயரத்தை மறைத்து, அடிமைகள் மகிழ்ச்சியாக இருந்ததுபோல் சித்திரித்தது என்ற கண்டனம் அன்றே எழுந்தது. அது நியாயமான கண்டனம். துணை நடிகைக்கான ஆஸ்கார் விருதுக்கு அந்தப் படத்திலிருந்து ஒலிவியாவின் பெயரும், வீட்டுப் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியலின் பெயரும் முன்மொழியப்பட்டன. விருது மெக்டேனியலுக்குக் கிடைத்தது. ஆஸ்கார் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவரே. அப்படிப்பட்டவரை விருது விழாவன்று சக நடிகர்களோடு உட்கார வைக்காமல், அரங்கின் ஓரத்தில் தனி மேசையில் உட்கார வைத்தார்கள். நிறவேற்றுமை அந்த அளவுக்கு இருந்தது.

மெலனி வேடத்துக்குப் பிறகு ஒலிவியா தாய் நிறுவனத்துக்குத் திரும்பினார். பழைய மாதிரி வேடங்களே மீண்டும் வந்தன. அவர் சிலவற்றை மறுத்தார். மறுத்த ஒவ்வொரு முறையும் சம்பளமின்றி நிறுத்தி வைக்கப்பட்டார். 1943ஆம் ஆண்டு மே மாதம் ஏழாண்டு முடிந்தது. விடுதலை கிடைத்தது என்று அவர் எண்ணியிருக்க, நிறுத்தி வைத்த நாள்களைக் கூட்டி, இன்னும் ஏறத்தாழ ஆறு மாதம் பாக்கி உண்டு என்றது நிறுவனம்.

இந்த வழக்கத்தை அதற்கு முன் எதிர்த்தவர்கள் உண்டு. பெட்டி டேவிஸ் என்ற பெரிய நடிகை 1936இல் இதே நிறுவனத்தோடு மோதினார். லண்டன் நீதிமன்றத்தில் நடந்த அந்த வழக்கில் தோற்றுப்போய், திரும்பி வந்து அதே நிறுவனத்தில் வேலை செய்தார். பெட்டி டேவிஸுக்கே இந்த நிலை என்றால் மற்றவர்கள் வாய் திறப்பார்களா?

ஒலிவியா, மார்ட்டின் காங் என்ற வழக்கறிஞரிடம் போனார். கலிஃபோர்னியாவின் தொழிலாளர் சட்டத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு விதியை அந்த வழக்கறிஞர் எடுத்துக் காட்டினார். ஒருவரை ஏழாண்டுக்கு மேல் ஊழிய ஒப்பந்தத்தால் கட்டிப்போட முடியாது என்பது அந்த விதி. சட்டம் நாட்டில் இருந்தது. நடிகர்களுக்கும் அது பொருந்தும் என்று நீதிமன்றத்தில் நிலைநாட்டியவர்தான் இல்லை. 1943 ஆகஸ்டில் ஒலிவியா வழக்குத் தொடுத்தார்.

நிறுவனத்தின் வாதம் இது: ஏழாண்டு என்றால் ஏழாண்டு வேலை. வேலை செய்யாத நாள் கணக்கில் சேராது. மேலும், நாள்களைக் கூட்டலாம் என்று எழுதிய தாளில் அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஒலிவியாவின் வாதம் இது: ஏழாண்டு என்றால் நாட்காட்டியில் உள்ள ஏழாண்டு. சூரியன் உதித்து மறைந்தால் ஒரு நாள் போயிற்று. அதைப் பின்னால் நீட்ட யாருக்கும் அதிகாரம் இல்லை.

முதல் நீதிமன்றம் ஒலிவியாவின் பக்கம் தீர்ப்பளித்தது. வார்னர் மேல்முறையீடு செய்தது. அதோடு நிற்காமல், இவருக்கு வேலை கொடுக்க வேண்டாம் என்று மற்ற நிறுவனங்களுக்குக் கடிதங்களையும் அனுப்பியது. ஹாலிவுட்டின் வாசல்கள் மூடிக்கொண்டன. ஏறத்தாழ இரண்டாண்டு அவர் படப்பிடிப்புத் தளத்தில் கால் வைக்கவில்லை. நடிகைக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது என்பது எவ்வளவு அருமையான காலம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வழக்குச் செலவு மட்டும் 13,000 டாலர். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவர் இராணுவ மருத்துவமனைகளுக்குச் சென்று, காயமுற்ற வீரர்களின் கட்டிலருகே அமர்ந்து பேசி ஆறுதல் சொல்லிவந்தார். அந்தப் பயணத்தில் ஃபிஜித் தீவில் இருந்தபோது நிமோனியா காய்ச்சல் கண்டு படுக்கையில் விழவும் நேர்ந்தது.

1944 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவருக்கே வெற்றி தந்தது. ஏழாண்டு என்பது நாட்காட்டி ஏழாண்டுதான் என்றது. நீதிபதிகள் சொன்ன இன்னொரு கருத்துதான் மிக ஆழமானது. தொழிலாளரின் நலனைக் காக்க இயற்றிய சட்டத்தைத் தனிமனிதர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தால் தள்ளிவிட முடியாது. தொழிலாளியே ‘எனக்குச் சம்மதம்’ என்று கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது செல்லாது. ஏனென்றால், வேலை வேண்டி நிற்பவனுக்கும் வேலை கொடுப்பவனுக்கும் சமமான பலம் இல்லை. அந்தப் பலவீனத்தைத் தாங்கிப்பிடிக்கவே சட்டம் இருக்கிறது. 1945 பிப்ரவரியில் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கை மீண்டும் விசாரிக்க மறுத்துவிட்டது. தீர்ப்பு நிலைத்தது.

அதனால் பயனடைந்தவர்களில் போர்முனைக்குப் போய்த் திரும்பிய நடிகர்களும் உண்டு. படையில் கழித்த ஆண்டுகளையும் நிறுவனங்கள் பாக்கிக் கணக்கில் வைத்திருந்தன. இந்தத் தீர்ப்பு வந்ததும் அவர்களும் விடுபட்டனர். பின்னர் இசைக் கலைஞர்களும் இதே விதியைக் காட்டிப் போராடினர். 1987இல் இசைத்தட்டு நிறுவனங்கள் முயன்று, பாடகர்களைப் பொறுத்தமட்டில் சட்டத்தில் ஒரு விதிவிலக்கைச் சேர்க்கச் செய்தன. பெற்ற உரிமையைக் காப்பாற்றவும் விழிப்பு வேண்டும் என்பதற்கு இது சான்று.

சரி, வழக்கில் வென்றவரின் தொழில் என்ன ஆயிற்று? முதலாளியைப் பகைத்தவர் முன்னேற முடியாது என்பார்கள் அல்லவா? 1946இல் ‘டு ஈச் ஹிஸ் ஓன்’ என்ற படத்தில், பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொல்ல முடியாமல் தவிக்கும் தாயாக, இளமை முதல் நடுவயது வரை தோன்றி நடித்தார். சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருது கிடைத்தது. 1948இல் ‘தி ஸ்நேக் பிட்’ என்ற படத்தில் மனநோய் மருத்துவமனையில் அடைபட்ட பெண்ணாக நடித்தார். அதற்காக அவர் அத்தகைய மருத்துவமனைகளுக்கு நேரில் போய், நோயாளிகளையும் சிகிச்சை முறைகளையும் கவனித்துப் பாடம் படித்தார். அலங்காரம் எல்லாவற்றையும் களைந்துவிட்டுத் திரையில் தோன்றினார். மனநோயாளிகளை நடத்தும் முறையில் சீர்திருத்தம் வேண்டும் என்ற பேச்சு அமெரிக்காவில் வலுப்பட அந்தப் படம் துணைசெய்தது.

1949இல் ‘தி ஹெய்ரஸ்’. தந்தையின் ஏளனத்துக்கும் காதலனின் வஞ்சகத்துக்கும் ஆளாகிக் கல்லாய்ப் போகும் பெண்ணின் கதை. காதலன் வராமல் ஏமாற்றிய இரவில், கையில் பெட்டியோடு அவள் மாடிப்படி ஏறும் காட்சி ஒன்று உண்டு. இயக்குநர் வில்லியம் வைலர் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தும் திருப்தியடையவில்லை. கடைசியில் வெறும் பெட்டியில் புத்தகங்களை நிரப்பிக் கனமாக்கிக் கொடுத்த பிறகுதான் உடைந்த மனத்தின் பாரம் நடையில் வந்தது என்பது திரையுலகில் பலரும் சொல்லும் செய்தி. இந்தப் படம் அவருக்கு இரண்டாம் ஆஸ்காரைப் பெற்றுத் தந்தது. தாமே வேடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற நான்கைந்து ஆண்டுக்குள் இவ்வளவையும் சாதித்துவிட்டார்.

1955இல் பிரெஞ்சு இதழாளர் ஒருவரை மணந்து பாரிஸ் நகரில் குடியேறினார். குழந்தைகளை வளர்ப்பதற்கு முதலிடம் கொடுத்து, படங்களைக் குறைத்துக்கொண்டார். 1965இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் தலைவரானார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பெண் அவரே.

வயது ஏறிய நடிகைகளுக்கு ஹாலிவுட் நல்ல வேடங்களை எளிதில் கொடுக்கவில்லை. அந்நாளில் தொலைக்காட்சிதான் அவர்களுக்குக் கைகொடுத்தது. ஒலிவியாவும் 1960கள் முதல் சின்னத்திரைக்கு வந்தார். அவற்றுள் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். 1979இல் ‘ரூட்ஸ்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்ஸ்’ என்ற தொடர் ஒளிபரப்பாயிற்று. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வாரிசுகள், அடிமைமுறை ஒழிந்த பிறகு பட்ட பாட்டைச் சொல்லும் கதை. மகன் ஒரு கறுப்பினப் பள்ளி ஆசிரியையைக் காதலித்து மணந்ததால் அவனைத் தந்தை ஒதுக்கிவைக்க, இடையில் நிற்கும் வெள்ளைக்காரத் தாயாக அவர் நடித்தார். நாற்பதாண்டுக்கு முன் அடிமை வாழ்வைச் சர்க்கரை பூசிக் காட்டிய படத்தில் நடித்தவர், உண்மையைச் சொன்ன தொடரிலும் பங்கு பெற்றார். 1986இல் ‘அனஸ்தாசியா’ என்ற தொலைக்காட்சிப் படத்தில் ரஷ்ய அரச குடும்பத்து மூதாட்டியாக நடித்து கோல்டன் குளோப் விருது பெற்றார். 1988இல் வந்த ஒரு தொலைக்காட்சிப் படத்தோடு நடிப்பிலிருந்து ஓய்வுபெற்றார்.

போராட்டக் குணம் மட்டும் ஓய்வு பெறவில்லை. 2017இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் தம்மை அனுமதியின்றித் தவறாகச் சித்திரித்தது என்று, நூறு வயது கடந்த நிலையில் மீண்டும் கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார். இம்முறை 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கருத்துச் சுதந்திரத்தின் பக்கம் நின்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எல்லா வழக்கிலும் வெற்றி கிடைத்துவிடாது. 2017இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு ‘டேம்’ பட்டம் அளித்தது. 2020 ஜூலை 26ஆம் நாள், 104ஆம் வயதில், பாரிஸில் காலமானார்.

நேயர்களே, டி ஹாவிலண்ட் சட்டம் கலிஃபோர்னியா மாநிலத்துச் சட்டம். அதைக் காட்டி நாம் இங்கே வழக்காட முடியாது. நம் நாட்டுக்கு நம் தொழிலாளர் சட்டங்கள் உண்டு. ஆனால் அந்த வழக்கிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது உண்டு.

உங்கள் மகனோ மகளோ படிப்பை முடித்துத் தொழிற்சாலையிலோ கடையிலோ காரியாலயத்திலோ வேலைக்குச் சேரும்போது ஒரு தாளை நீட்டுவார்கள். சந்தோஷத்தில் உடனே கையெழுத்துப் போட்டுவிடச் சொல்லாதீர்கள். எத்தனை காலத்துக்கு ஒப்பந்தம்? இடையில் விலகினால் என்ன கட்ட வேண்டும்? வேலை செய்யாத நாளுக்கு என்ன கணக்கு? விலக்கும் உரிமை அவர்களுக்கு மட்டுமா, நமக்கும் உண்டா? இந்த நான்கு கேள்விகளையும் கேட்கச் சொல்லுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதியிருப்பது விளங்கவில்லையானால், விளங்கியவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை. கையெழுத்திட்ட தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, பிறப்புப் பத்திரத்தோடு பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். சந்தேகம் வந்தால் தொழிற்சங்கமும் தொழிலாளர் இலாகாவும் இருக்கின்றன.

கையெழுத்துப் போட்டுவிட்டோமே, இனி என்ன செய்ய முடியும் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடவும் வேண்டாம். தாளில் எழுதியதெல்லாம் சட்டம் ஆகிவிடாது. கையெழுத்திட்டபோது ஒலிவியாவுக்கு வயது பத்தொன்பது. அது செல்லுமா என்று கேட்டபோது வயது இருபத்தேழு. கேட்டதனால்தான், வார்னர் நிறுவனத்தின் கணக்கேட்டில் கூட்டி எழுதியிருந்த அந்த ஆறு மாதமும் செல்லாததாயிற்று.